மொன்வெய்யின் கடைசிப் பெனால்டி

பின்கதவுக்கு வெளியே நிற்கிற என் அன்பான அண்ணைக்கு,

உங்களுக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டும். மே மாதத்திலிருந்து அதை வாய்க்குள் வைத்துக்கொண்டு திரிகிறேன். சொன்னால் நீங்கள் இனி இந்த வீட்டுப் பக்கம் வரவே மாட்டீர்கள் என்று அண்ணிக்குப் பயம். சொல்லாமல் விட்டால் உள்ளே வரவும் முடியாமல், போகவும் முடியாமல் அங்கேயே நிற்பீர்கள் என்று எனக்குப் பயம். உங்கள் மகள் தர்சிக்கோ எங்கள் இரண்டு பேரையும் நினைத்துப் பயம்.

இதை ஏன் பத்திரிகையில் போடுகிறாய் என்று கேட்பீர்கள். வீட்டுக்குள் வைத்துப் பேசினால் பாதியில் யாராவது அழத் தொடங்கிவிடுகிறார்கள். எழுத்தென்றால் கடைசி வரி வரைக்கும் போகலாம். படிக்கிறவர்கள் எனக்குக் கழன்றுவிட்டது என்று நினைத்தால் நினைக்கட்டும். நான் லண்டனில் பஸ் ஓட்டுகிறவன், கழன்றவர்களைத் தினமும் ஏற்றி இறக்குகிறேன்.

முதலில் மொன்வெய்யின் கதையைச் சொல்லவேண்டும். உங்களுக்கு மனப்பாடமான கதைதான். பக்கத்தில் நின்று கேட்கிறவர்களுக்காகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பிழை விட்டால் வழக்கம்போல நாக்கைச் சொடுக்குங்கள்.

மொன்வெய் பிரான்ஸ் வரைபடத்தில் விரலை வைத்தால் மறைந்துபோகிற ஊர். சுண்ணாம்புச் சூளைகள், ஒரு தேவாலயம், ஓர் உதைபந்தாட்டக் கழகம், அவ்வளவுதான். சூளையில் வேலை செய்தவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் பந்தடிக்கத் தொடங்க, பங்குச் சாமியார் ஒரு விசில் வாங்கிக் கொடுக்க, அது கழகமாகியது. எப்படியும் சுண்ணாம்பு படிந்து வெளுக்கத்தான் போகிறது என்று வெள்ளைச் சட்டையையே தங்கள் நிறமாக்கிக்கொண்டார்கள்.

கல் வெட்டி முடிந்த பள்ளக் கிடங்கின் அடித்தளம்தான் மைதானம். மூன்று பக்கம் ஆட்கள் இருக்கிற படிகள். நான்காவது பக்கம் செங்குத்தாக வெட்டப்பட்ட வெள்ளைப் பாறை. எந்தச் சத்தமும் அந்தப் பாறையில் பட்டு ஒருமுறை திரும்பி வரும். அதனால் மொன்வெய் போடுகிற கோல் இரண்டு தரம் கேட்கும். மற்ற அணி கோல் போட்டால் ஒருவரும் கத்தமாட்டார்கள். அப்போதும் பாறையிலிருந்து ஏதோ ஒன்று வரும் என்று நீங்கள் சொல்வீர்கள். என்ன வரும் என்று கேட்டால் சொல்ல உங்களுக்குச் சொல் கிடைக்காது. நான் சிரிப்பேன்.

அகதி முகாமிலிருந்து உங்களை அந்த ஊருக்கு அனுப்பினார்கள். மற்றப் பெடியள் எல்லாம் முதல் ரயிலிலேயே பாரிசுக்கு ஓடிவிட, நீங்கள் மட்டும் அங்கேயே தங்கி ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவினீர்கள். பாஷை தெரியாது. குளிர் தெரியும். ஒருநாள் தெருவில் வெள்ளைச் சட்டை போட்ட கூட்டம் ஒன்று போக, திருவிழா என்று நினைத்து நீங்களும் பின்னால் போனீர்கள். போய்ச் சேர்ந்த இடம் மைதானம். அன்றைக்கு மொன்வெய் படுதோல்வி. ஆனாலும் ஒருவரும் எழும்பிப் போகவில்லை என்பதுதான் உங்களைப் பிடித்து இருத்தியது என்று பிறகு சொன்னீர்கள்.

பக்கத்தில் இருந்தவர் ஜெரார். சூளையில் வேலை செய்து ஓய்வெடுத்தவர். இடைவேளையில் உங்களுக்கு ஒரு சொசேஜ் பண் வாங்கித் தந்தார். ஆட்டம் நடந்தது வெள்ளிக்கிழமை. நீங்கள் வெள்ளிக்கிழமையில் மச்சம் மாமிசம் தொடமாட்டீர்கள். கையால் வேண்டாம் என்று காட்டினீர்கள். ஜெரார் உங்களைப் பழைய காலத்துக் கத்தோலிக்கர் என்று எடுத்துக்கொண்டார். எங்கள் சாமியாரே வெள்ளிக்கிழமையில் இறைச்சி தின்கிறார், இந்தப் பெடியனைப் பாருங்கள் என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தாராம். நல்லூர் முருகனுக்குப் பிடித்த விரதம் உங்களுக்கு மொன்வெய்யில் மரியாதை வாங்கித் தந்தது.

பெயரிலும் ஒரு கூத்து. முகாமில் பதிந்த வெள்ளைக்காரன் அப்பாவின் பெயரைத்தான் உங்கள் பெயர் என்று எடுத்தான். யோகன் என்று உங்களை அங்கே ஒருவருக்கும் தெரியாது. மொன்வெய்க்கு நீங்கள் எப்போதும் முசியே தம்பிராசா.

பிறகு அந்தக் கிண்ணப் போட்டி வந்தது. முதலாம் பிரிவில் இருக்கிற பெரிய நகரத்து அணி ஒன்று இந்தக் கல்லுக்கிடங்குக்கு விளையாட வந்தது. ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் மொன்வெய்க்கு ஒரு பெனால்டி கிடைத்தது. உங்களால் பார்க்க ஏலவில்லை. எழும்பிப் படிகளுக்குப் பின்னால் போய், பாறையைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். உள்ளே போய்விட்டது என்று பாறைதான் உங்களுக்குச் சொன்னது. ஊரின் மிகப் பெரிய கோலைப் பார்க்காதவர் நீங்கள் ஒருவர்தான்.

அதிலிருந்து உங்களை விடுவார்களா? பெனால்டி கிடைத்தவுடனே படிகள் முழுக்க எழும்பி, "தம்பிராசா, வெளியே!" என்று கத்தும். அப்பா உயிரோடு இருந்திருந்தால் என்ன நினைத்திருப்பார்? ஒரு ஊரே அவர் பெயரைச் சொல்லித் துரத்துகிறது. நீங்கள் பெரிய மனிதர் மாதிரிக் கையசைத்துவிட்டு வெளியே போவீர்கள்.

அந்த வருடத்து உற்சாகத்தில் மொன்வெய் மேலே ஏறியது. விளையாடுகிறவர்களுக்குச் சம்பளம் கொடுக்கிற தொழில்முறைக் கழகமாகியது. இரண்டாம் பிரிவில் பெரிய பெரிய ஊர்களோடு மல்லுக்கட்டியது. நீங்கள் அந்த ஊரிலேயே கலியாணம் கட்டி, தர்சியும் பிறந்து, அவள் இங்கிலீஷில் படிக்கவேண்டும் என்று லண்டனுக்கு வந்தீர்கள். லண்டனின் தெற்கே மிச்சம் என்கிற இடத்தில் வீடு, ட்ராம் ஸ்டாப்புக்குப் பக்கத்தில் கடை. ஆட்டம் இருக்கிற வெள்ளிக்கிழமைகளில் கடையை வேலைக்காரப் பெடியனிடம் விட்டுவிட்டு, குளித்து, திருநீறு பூசி, முன்னறைக் கதிரையில் மொன்வெய் சால்வையோடு இருப்பீர்கள்.

பெனால்டி என்றால் இங்கேயும் அதே கதைதான். எழும்பி, குசினியைக் கடந்து, பின்கதவைத் திறந்துகொண்டு தோட்டத்துக்குப் போவீர்கள். வேலியைப் பார்த்துக்கொண்டு நிற்பீர்கள். அந்தப் பின்கதவு சாத்தினால் வெளியிலிருந்து திறக்காது. அதனால் கொஞ்ச நேரத்தில் கண்ணாடியில் தட்டிக் கேட்பீர்கள்.

"என்னடா, போட்டாங்களோ?"

அண்ணியோ நானோ முடிவைச் சொல்லிவிட்டுத்தான் கதவைத் திறப்போம். நீங்கள் உயிரோடு இருந்த காலத்தில் எனக்கு அது ஒரு பகிடி. சிலவேளை சொல்லாமல் இழுத்தடித்து உங்களைக் குளிரில் நிற்க வைத்திருக்கிறேன்.

போன வருடம் ஆடியில் உங்கள் நெஞ்சு நின்றது. செய்யவேண்டியதெல்லாம் செய்தோம். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று ஐயர், ஆன்மா இன்றோடு வீட்டை விட்டுப் போகிறது, இனி யாரும் அழுது கூப்பிடக்கூடாது என்றார். அண்ணி அழவில்லை. அவர் சொன்னபடி எல்லாம் செய்தார்.

அதற்குப் பிறகு வந்த வெள்ளிக்கிழமை நான் ஷிப்ட் முடிந்து மிச்சத்துக்குப் போனேன். ஆட்டம் பார்க்க நீங்கள் கட்டி வைத்திருந்த சந்தாவை நிறுத்துவதற்காகத்தான் போனேன். அண்ணி விடவில்லை.

"இண்டைக்கு மட்டும் போடும் தம்பி. அந்தச் சத்தம் வீட்டில கேட்கட்டும்."

போட்டேன். உங்கள் கதிரையில் ஒருவரும் இருக்கவில்லை. மொன்வெய் அப்போது மூன்றாம் பிரிவுக்கு இறங்கி, அங்கேயும் தள்ளாடிக்கொண்டிருந்தது. வெளியூர் முதலாளி ஒருவன் வந்து கழகத்தை வாங்கி, படங்காட்டி, எல்லாவற்றையும் நாசமாக்கி வைத்திருந்தான். அது உங்களுக்கே தெரியும். கடைசி வருடம் முழுக்க அவனைத்தான் திட்டிக்கொண்டிருந்தீர்கள். இரண்டாம் பாதியில் ஒரு பெனால்டி கிடைத்தது. அண்ணியும் நானும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருந்தோம். கோல். டிவியில் கூட்டம் கத்தியது, பாறை திருப்பிக் கத்தியது.

பின்கதவில் தட்டினார்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் என்று நினைத்து எழும்பினேன். எனக்கு முன்னால் அண்ணி போய்விட்டார். கதவைத் திறந்தார். குப்பைத் தொட்டிகள், வேலி, ஈரப் புல். ஒருவரும் இல்லை. அண்ணி ஒடுக்கமான அந்தக் குசினியில் சுவரோடு ஒதுங்கி, கால்களை உள்ளே இழுத்துக்கொண்டார். உள்ளே வருகிற ஓர் ஆளுக்கு வழி விடுகிறவர் அப்படித்தான் செய்வார்.

நான் கதவின் பூட்டைப் பார்த்தேன். காற்று என்றேன், மரப்பலகை என்றேன், குழாய் என்றேன். அடுத்த கிழமை தோட்டத்தில் ஆள் அசைந்தால் எரிகிற சென்சர் லைட் ஒன்றை வாங்கிப் பொருத்தினேன். கள்ளன் யாராவது விளையாடினால் பிடிபடட்டும் என்று. அந்த லைட் குளிர்காலம் முழுக்க ஒழுங்காகத்தான் வேலை செய்தது. நரி வந்தால் எரியும். பூனை வந்தால் எரியும். மொன்வெய் ஆட்டத்தில் நடுவர் பெனால்டிப் புள்ளியைக் காட்டினாலும் எரியும். முடிவு தெரியும் வரைக்கும் அணையாது. வெறும் புல்லில் அந்த வெளிச்சம் விழுந்து கிடக்கும்.

அதற்குப் பிறகு நான் விளக்கம் தேடுவதை விட்டுவிட்டேன்.

அண்ணி பயப்படவே இல்லை, அண்ணை. அதுதான் எனக்கு ஆச்சரியம். ஆட்டம் உள்ள வெள்ளிக்கிழமைகளில் வீடு கூட்டி, மரக்கறி சமைத்து, நல்ல சேலை உடுத்தி இருப்பார். தட்டினால் எழும்பிப் போய்க் கதவடியில் நின்று பதில் சொல்லுவார்.

"ஓம், போட்டாச்சு. உள்ள வாங்கோ."

தவறினால் தவறியது என்றுதான் சொல்லுவார். "இல்லையப்பா, அடிச்சுத் துலைச்சிட்டாங்கள். பரவாயில்லை, பனிக்க நிக்காமல் வாங்கோ." பிறகு கதவைத் திறந்து ஒதுங்கி நிற்பார். கொஞ்ச நேரத்தில் கதிரைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத் தன் இடத்தில் இருப்பார். அந்த நேரத்தில் அவர் முகத்தில் இருந்த நிம்மதியை நான் உங்கள் கலியாணப் படத்தில்கூடக் காணவில்லை.

தர்சிக்கு இது தெரியவந்தபோது அவள் உடைந்துபோனாள். லண்டனின் மறுகோடியில், கிங்ஸ்பரியில், அவளுக்குப் பெரிய வீடு, தாய்க்கென்று அறையும் ஒதுக்கி வைத்திருந்தாள்.

"சித்தப்பா, திஸ் இஸ் நொட் நோர்மல். அம்மா தனிய இருந்து கதவோட கதைக்கிறா. நீங்களும் பக்கத்தில இருந்து பாத்துக்கொண்டிருக்கிறீங்கள்."

உன் கொப்பா வாறவர் என்று சொன்னால் என்னையும் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போவாள். கடைசியில் அண்ணிதான் பேசி முடித்தார்.

"மொன்வெய் இந்தமுறை தப்பினால் நான் இஞ்சதான் இருப்பன். கீழ்ப் பிரிவுக்கு விழுந்தால் உன்னோட வாறன். விழுந்தாப் பிறகு ஆட்டம் டிவியில வராது. அதுக்குப் பிறகு கொப்பா என்னத்துக்கு இஞ்ச வரப்போறார்?"

தர்சி சம்மதித்தாள். அவளுக்கு உதைபந்தாட்டம் தெரியாது, ஆனால் அந்த அணி தேறாது என்பது தெரிந்திருந்தது.

கடைசி ஆட்டம் மே மாதத்தில், மொன்வெய்யில், அந்தக் கல்லுக்கிடங்கில். வென்றால் தப்பலாம். சமநிலை என்றால் போச்சு. அன்றைக்குத் தர்சியும் வந்து தாய்க்குப் பக்கத்தில் இருந்தாள். லண்டனில் இன்னும் பொழுது படவில்லை; பின்கதவுக் கண்ணாடியில் மஞ்சள் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. ஆட்டம் சமநிலையில் இழுபட்டு, எல்லாம் முடிந்தது என்று நான் எழும்பப் போன நேரத்தில் விசில் ஊதினார்கள். மொன்வெய்க்குப் பெனால்டி.

அண்ணி கையைக் கூப்பினார். குசினியில் எங்கோ ஒரு மெல்லிய சத்தம். நான் திரும்பிப் பார்க்கவில்லை. தர்சி திரும்பிப் பார்த்தாள், பிறகு என் கையைப் பிடித்தாள். ஏன் பிடித்தாள் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

பெனால்டி அடித்தார்கள். டிவியில் கூட்டம் அப்படியே அடங்கியது. அந்த அமைதிக்குப் பிறகு பாறையிலிருந்து ஏதோ ஒன்று வந்தது. நீங்கள் சொன்னதுதான். எனக்கும் அதற்குச் சொல் தெரியவில்லை, அண்ணை. நான் இனிச் சிரிக்கமாட்டேன்.

உடனே பின்கதவில் தட்டினீர்கள்.

தர்சி எழும்பி நின்றாள். "யாரு அது?" என்றாள், சின்னப் பிள்ளை மாதிரி. கண்ணாடியில் வெயில்தான் இருந்தது. ஆளின் நிழல் இல்லை. மறுபடியும் தட்டினீர்கள், வழக்கத்தைவிட அவசரமாக. நான் வாய் திறப்பதற்குள் அண்ணி கதவடிக்குப் போய்விட்டார். கைப்பிடியில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கலியாண வீட்டுக்கு வந்தவர்களை வரவேற்கிற குரலில் கத்தினார்.

"இஞ்சாருங்கோ, போட்டாச்சு! போட்டாங்கள்! மொன்வெய் தப்பீட்டுது! உள்ள வாங்கோ!"

கதவை அகலத் திறந்தார். ஒதுங்கி நின்று கால்களை உள்ளே இழுத்தார். இழுத்த கால்களை நெடுநேரம் அப்படியே வைத்திருந்தார். அவர் முகம் மெல்ல மெல்ல மாறியதை நான் பார்த்தேன். அன்றைக்கு நீங்கள் உள்ளே வரவில்லை.

ஏன் வரவில்லை என்று நான் யோசித்து யோசித்துப் பார்த்தேன். மொன்வெய்யின் கோல் இரண்டு தரம் கேட்கவேண்டும். உங்களுக்குக் கேட்டது அண்ணியின் ஒரு குரல் மட்டும்தான். அதை நம்பவும் முடியாமல், நம்பாமல் விடவும் முடியாமல் நின்றுவிட்டீர்கள். சரிதானே?

அதற்குப் பிறகு ஆட்டமே கிடையாது. டிவி கறுப்பாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அதே நேரத்துக்குத் தட்டுகிறீர்கள். அண்ணி போய் அதே பொய்யைத் திருப்பிச் சொல்கிறார். கதவைத் திறக்கிறார். கொஞ்ச நேரம் பொறுத்துச் சாத்துகிறார். சாத்தியவுடன் மறுபடியும் தட்டுகிறீர்கள். முன்பெல்லாம் அந்தச் சத்தத்தில் உங்கள் விரல் தெரியும். இப்போது வரவர மெலிந்து, கண்ணாடிக்கு வெளியே ஒருவர் நகத்தால் சுரண்டுவது போலக் கேட்கிறது. போன கிழமை அண்ணி காதைப் பொத்திக்கொண்டு படிக்கட்டில் இருந்தார். வந்தீர்கள் என்று சந்தோஷப்பட்டவர், இப்போது வெள்ளிக்கிழமை வந்தால் நடுங்குகிறார்.

இதில் நம்முடைய சனத்தின் பழக்கமும் இருக்கிறது. கெட்ட செய்தியை நாங்கள் ஒருநாளும் நேரே சொல்லமாட்டோம். ஆள் போயிருந்தாலும் முதலில் கொஞ்சம் சுகமில்லையாம் என்போம், பிறகு சீரியஸ் என்போம். அம்மா யாழ்ப்பாணத்தில் கண்ணை மூடியபோது நீங்கள் மொன்வெய்யில் விசா இல்லாமல் இருந்தீர்கள். போக ஏலாதவனுக்கு ஏன் சொல்லவேண்டும் என்று பெரியவர்கள் முடிவெடுத்தார்கள். கிழமைக்கணக்காக நீங்கள் போன் எடுத்து, அம்மா சாப்பிடுகிறாவா, நித்திரை கொள்கிறாவா என்று கேட்க, ஓம் ஓம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். தெரியவந்தபோது நீங்கள் அழவில்லை. இல்லாத ஒரு மனுசிக்கு நான் குளிருக்குச் சால்வை வாங்கி வைத்திருக்கிறேன் என்று மட்டும் சொன்னீர்கள். பிறகு நெடுங்காலம் ஊருக்குப் போன் எடுக்கவில்லை. அப்படிப்பட்ட உங்களைத்தான் நாங்கள் இப்போது மறுபடியும் ஏமாற்றிக்கொண்டிருக்கிறோம்.

இந்த நேரத்தில் ஜெரார் போன் எடுத்தார். கிழவருக்குக் காது மந்தம், குரல் மட்டும் குறையவில்லை. தர்சி போனை மேசையில் வைத்து, பிரெஞ்சில் கேட்டுக் கேட்டு எங்களுக்குத் தமிழில் சொன்னாள். எங்கள் பொய்க்கதை அவருக்குத் தெரியாது. கடைசி ஆட்டம் முடிந்த பிறகு அங்கே என்ன நடந்தது என்றுதான் சொன்னார்.

முன்னொரு காலத்தில் மொன்வெய்யின் கோல்காப்பாளர் ஒருவன், சூளையில் வேலை செய்தவன், அந்தப் பாறையிலிருந்து விழுந்து செத்துப்போனானாம். அதிலிருந்து ஒவ்வொரு ஆட்டமும் முடிந்து சனம் கலைந்த பிறகு அணித் தலைவர் தனியாகப் பாறையடிக்குப் போய், எத்தனைக்கு எத்தனை என்று உரக்கச் சொல்லுவாராம். பாறை அதைத் திருப்பிச் சொல்லுமாம். பிறகுதான் விளக்கை அணைப்பார்களாம். வெளியாட்களுக்கு அதைப் பற்றிச் சொல்வதில்லையாம். கடைசி நாளிலும் தலைவர் போனாராம், அழுதுகொண்டே சொன்னாராம்.

அண்ணி போனுக்குக் கிட்டக் குனிந்தார். "தோத்தாலும் சொல்லுவினமோ? கேளும் பிள்ளை" என்றார்.

தர்சி கேட்டாள். மறுமுனையில் ஜெரார் கொஞ்சம் சிரித்த மாதிரி இருந்தது. தர்சி போனைப் பார்த்துக்கொண்டே மெதுவாகத் தமிழில் சொன்னாள்.

"வெண்டால் அவனுக்கே கேட்குமாம், அம்மா. தோத்தால்தான் யாராவது போய்ச் சொல்லவேணுமாம்."

அண்ணி எழும்பிப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். வந்து என்னைப் பார்த்துச் சொன்னார்.

"நீர் எழுதும் தம்பி. எனக்கு வாய் வராது. எழுதி வந்து, வெள்ளிக்கிழமை கதவடியில நிண்டு வாசியும். வாறதெண்டால் வரட்டும், போறதெண்டால் போகட்டும். அந்த மனுசன் பொய்யைக் கேட்டுக்கொண்டு நிக்கவேண்டாம்."

தர்சி தாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். அம்மா இங்கேயே இருக்கட்டும், கிங்ஸ்பரிக்கு வரவேண்டாம் என்று அவளே சொன்னாள். கதவில் தட்டியதைக் கேட்ட பிறகு அவள் பழைய தர்சி இல்லை. ஆனால் அண்ணி சொன்ன சொல் மாறவில்லை. மொன்வெய் விழுந்துவிட்டது, அதனால் போகிறார். வீட்டை வாங்க ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இந்த மாதம் முடிய இங்கே வேறு யாரோ இருப்பார்கள். அவர்களுக்குத் தமிழும் தெரியாது, மொன்வெய்யும் தெரியாது. அவர்களுடைய கதவில் நீங்கள் தட்டிக்கொண்டு நிற்பதை நினைக்க எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை.

ஆகவே கேளுங்கள், அண்ணை. பெனால்டி போகவில்லை.

பந்து கம்பத்துக்கு மேலால் போய்ப் பாறையில் பட்டது. அடித்தவன் அந்த ஊர்ப் பெடியன்தான். முகத்தை மூடிக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டான். ஒன்றுக்கு ஒன்று. மொன்வெய் இறங்கிவிட்டது. முதலாளி கைவிட்டுவிட்டுப் போய்விட்டான், தொழில்முறைக் கழகம் என்ற பெயரும் அவனோடு போய்விட்டது. அண்ணி சொன்னது பொய். உங்களை அனுப்ப மனம் வராமல் சொன்ன பொய். அவரைக் கோபிக்காதேங்கோ.

இன்னொன்றும் இருக்கிறது. அன்றைக்கும் ஒருவரும் எழும்பிப் போகவில்லையாம். விசில் ஊதி நெடுநேரம் படிகளில் இருந்தார்களாம். புரட்டாதியில் ஊர்ப் பெடியளை வைத்து அடிமட்டத்திலிருந்து மறுபடியும் தொடங்கப் போகிறார்கள். சம்பளம் இல்லை, டிவி இல்லை. அதே வெள்ளைச் சட்டை. வாசலில் டிக்கெட் கிழிக்கப் போவது ஜெரார்.

வெள்ளிக்கிழமை இதைக் கதவடியில் நின்று வாசிப்பேன். வாசித்து முடித்துக் கதவைத் திறந்துவிடுவோம். அண்ணி ஒரு பக்கம், தர்சி ஒரு பக்கம், ஒதுங்கி நிற்போம். உள்ளே வந்து கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போனாலும் சரி, அங்கிருந்தே போனாலும் சரி. ஆனால் போய்விடுங்கள், அண்ணை. இவ்வளவு காலம் குளிரில் நின்றது போதும்.

நான் ஜெராரோடு பேசி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு ஆட்டமும் முடிய அவர் எனக்குப் போனில் முடிவைச் சொல்லுவார். உங்கள் சாம்பலைக் கரைத்த தேம்ஸ் படித்துறை என் பஸ் போகிற வழியில்தான் இருக்கிறது. வென்றால் உங்களுக்கே கேட்கும். தோற்றால் நான் வந்து சொல்லுவேன்.

இனி உங்களிடம் எதையும் மறைக்காத தம்பி,
நேசன்